சின்னம்மா கடையில் நீ வாங்கிய இறால் அப்பளம்

சிடோஆர்ஜோ

அன்பு மகள் நஸ்தித்திக்கு,

அல்லாவின் கருணையால் அம்மாவும் அப்பாவும் இங்கே சுகம். பாத்தாமில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி தேவலை, மழை வந்தால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நம் ஊர் பேங்க்கிலிருந்து ஹெஸ்தி என்றொரு பெண் வந்து தெருப் பெண்களைக் கூட்டிப் பேசினாள். கணக்கு வைத்திருக்கும் சின்ன வியாபாரிகளுக்கு பேங்க்கே இணையத்தில் கடை போட்டுத் தருகிறதாம், படமும் விலையும் அதிலேயே இருக்குமாம், வாங்குகிறவர்கள் கட்டும் பணம் நேராக நம் கணக்கில் விழுமாம். என் அப்பளத்தைத் தேடிச் சந்தைக்காரர்களே வருகிறார்கள், எனக்கெதற்கு இதெல்லாம் என்று நான் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு உன் சின்னம்மா ஜுவாரியா முந்திக்கொண்டு தன் அப்பளத்துக்குக் கடை போட்டுவிட்டாள். அது போகட்டும். அவள் முற்றத்தில் ரம்புத்தான் மரத்து நிழல் விழுகிறதாம், “அக்கா, உங்க முற்றத்துல வெயில் என்னமா அடிக்குது, ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேனே” என்று வந்து நின்றாள். ஓர்ப்படி கேட்கிறாளே என்று நானேதான் தட்டிகளை நகர்த்திக் கொடுத்தேன். புது முக்காடு போட்டுக்கொண்டு நடுவில் நின்று சிரித்தாள். அவளுக்குப் பின்னால் மூங்கில் தட்டிகளில் காய்வது அத்தனையும் நான் பிசைந்து, அவித்து, சீவிய அப்பளம், நஸ்தித்தி!

அப்புறம் பார்த்தால் பார்சல் எடுக்கிற பையன் தினமும் அவள் வாசலில் வண்டியை நிறுத்துகிறான். மக்காசாருக்குப் போகிறது, மேடானுக்குப் போகிறது என்று அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்து வயிறெரிந்தேன், உன்னிடம் மறைப்பானேன். “ஒரு கண்ணைப் பிடுங்கி அவ கேட்டுல ஒட்டிட்டு வந்துடு, இன்னொரு கண்ணால அடுப்பைப் பாரு, மாவு தீயுது” என்று அப்பா கேலி செய்தார். அவள் மாவில் இறாலைவிடக் கிழங்கு மாவுதான் அதிகம் என்பது அவருக்கும் தெரியும், வாயைத் திறக்கமாட்டார், தம்பி பெண்டாட்டி ஆயிற்றே.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை ஓதலுக்குக் கூடியிருந்தோம். ஓதி முடித்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, ஜுவாரியா போனைக் கையில் எடுத்து, “அக்கா, நம்ம நஸ்தித்தி என் கடையில அஞ்சு பாக்கெட் வாங்கியிருக்கா பாருங்க! வீட்டுல சாப்பிட்ட மாதிரியே இருக்குன்னு எழுதியும் போட்டிருக்கா, தங்கமான பொண்ணு” என்றாள். எதிர் வீட்டு மர்சினா சும்மா இருப்பாளா, “பெத்தவ கைப்பக்குவம் பொண்ணுக்கு அலுத்துப்போச்சாக்கும்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் இருந்த சோறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. என் வியாபாரத்தை அவள் கொண்டுபோகட்டும், சந்தையைக் கொண்டுபோகட்டும், நீ வேறொருத்தி அப்பளத்தைத் தின்றுவிட்டு வீட்டு ருசி என்று எழுதினதை எப்படித் தாங்குவேன், சொல்லு.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பாதான், “அடி பைத்தியமே, படத்துல இருக்கறது நம்ம முற்றம், நம்ம தட்டி. புள்ள அதைப் பார்த்து நம்ம கடைன்னு நினைச்சிருக்கும்” என்றார். ஜுவாரியா பல்லைக் காட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறாளே, அது நஸ்தித்தி கண்ணில் படவில்லையா என்று அவரைக் கேட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை நானே பேங்க்குக்குப் போனேன். உங்கள் அப்பளத்தில் என்ன விசேஷம் என்று எழுதலாம் என்று ஹெஸ்தி கேட்டாள். பக்கத்து வீட்டை விட இறால் அதிகம் என்று எழுதச் சொன்னேன். “பக்கத்து வீட்டை விட்டுடுங்கம்மா, இறால் அதிகம்னு மட்டும் போடலாம்” என்றாள். அரைமனதாகச் சம்மதித்தேன். அதே முற்றத்தில் படம் எடுத்தோம். இந்தத் தடவை நடுவில் நான் நின்றேன், அவள் வீட்டுச் சுவர் தெரியாமல் போர்வையைத் தொங்கவிட்டேன். நேற்று மாலாங்கிலிருந்து யாரோ முன்பின் தெரியாத ஒரு அம்மா மூன்று பாக்கெட் கேட்டிருக்கிறாள். பையன் வாசலுக்கே வருவான்தான், ஆனாலும் பார்சலைத் தூக்கிக்கொண்டு ஜுவாரியா வாசல் வழியாக முக்குக் கடைவரைக்கும் நடந்தே போய்க் கொடுத்தேன். அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

நீ என் கடையில் எதையும் வாங்காதே. உனக்கு நான் விற்கமாட்டேன். பெரிய டின் நிறைய அனுப்பியிருக்கிறேன், எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போடு, உன் அறைத்தோழிகளுக்கும் கொடு. பதில் எழுதும்போது, உங்கள் கடை என்று நினைத்துத்தான் வாங்கினேன் அம்மா என்று எழுது. சின்னம்மா கடை என்று தெரிந்தே வாங்கியிருந்தாலும் அப்படியே எழுது.

ஆண்டவன் உன்னை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும், உன் கைக்கு வரும் வேலையெல்லாம் சுலபமாக முடியட்டும். தொழுகையை விடாதே, ஈரத் தலையோடு தூங்காதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா கஸ்மிரா