பிரித்த போர்வை

அம்மணி,

14.07.2024, ஞாயிறு, காலை பத்து இருபது. நான் தைத்த போர்வையிலிருந்து பிரித்த இதயங்கள் முப்பத்தைந்து. மிச்சம் ஒன்று.

"பொறக்கறதுக்கு முன்னால கொழந்தைக்கு எதுவும் தெக்காதீங்க" என்று நீ சொன்னாய். "டிப்ளமோ படிச்சவங்கிட்ட இதெல்லாம் பேசாத, அம்மணி" என்று சிரித்தேன். தையல் பட்டறையில் கழித்த துணிகளை இதய வடிவில் வெட்டி, போர்வை மேல் ஒரே வாரத்தில் தைத்து முடித்தேன். ஏழாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்தது.

டாக்டர் சொன்ன காரணம் வேறு. அதை உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன்! நீ உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது, "அந்தப் போர்வை ஊட்டுல இருக்கற வரைக்கும் வரமாட்டனுங்க" என்றாய்.

தையலைப் பிரித்தால் வெறும் துணிதானே என்று உட்கார்ந்தேன். நூல் வந்துவிட்டது, ஊசித்துளைகள் போகவில்லை. போர்வையைத் துவைத்து ஜன்னலில் போட்டேன். இதயத்தை எடுத்த இடத்தில் எல்லாம் வெயில் புள்ளி புள்ளியாக இன்னொரு இதயம் வரைகிறது. கடைசி ஒன்றைப் பிரிக்கக் கை வரவில்லை.

இனி செய்யப்போவது:

1. இன்றே எல்லாவற்றையும் எடுத்துப்போய், குழந்தைக்குப் பக்கத்தில் புதைப்பேன்.
2. வியாழக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் எருமப்பட்டிக்கு, உன் அம்மா வீட்டுக்கு வருவேன்.
3. டாக்டர் பேச்சையே எடுக்கமாட்டேன். நீ அழுது முடிக்கும்வரை எழுந்து போகமாட்டேன்.

உன் ஊட்டுக்காரன்