வாசலோர நாற்காலி சம்மதிக்கவில்லை

அனுப்புநர்:
'வாசப்படி' என்று எல்லோரும் அழைத்த ஆவிச் சலவைக் கடைக்காரரின் மனைவி,
கடைசிக் கடை, பொதுப் பாய்லர் கொட்டகைக்கு முன்புறம்,
சலவைக்கடைச் சந்து.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தொழிற்கூடப் பாதுகாப்புத் துறை,
தலைமை அலுவலகம், மூன்றாம் மாடி.

பொருள்: சிறு சலவைக் கடைகளின் பாய்லர்களுக்கு ஆண்டுச் சோதனை தேவையில்லை என்று எங்கள் கடை உரிமையாளர் சங்கத்தின் பாதுகாப்புக் குழு தங்களுக்கு அனுப்பிய 'ஒருமனதான கருத்தில்', இறந்துபோன என் கணவரின் சம்மதமும் சேர்க்கப்பட்டிருப்பதை நீக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் அதிகம் படித்தவள் இல்லை. நான் சொல்லச் சொல்ல, தங்கள் அலுவலக வாசலில் தட்டச்சு செய்பவர் இதை அடித்துத் தருகிறார். எண் போட்டு எழுதினால்தான் அதிகாரிகள் படிப்பார்கள் என்றார். போட்டிருக்கிறோம். சில இடங்களில் "இதெல்லாம் மனுவுல வராதும்மா" என்றும் சொன்னார். வராவிட்டால் எனக்கு நடந்தது தங்களுக்கு விளங்காது. ஆகவே எதையும் விடவில்லை. பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. எங்கள் சந்தில் வரிசையாகச் சலவைக் கடைகள். எல்லாக் கடைக்கும் பின்னால் ஒரே கொட்டகை, அதில் ஒரே பாய்லர். அங்கிருந்து குழாய் வழியாக ஆவி வரும், அதில்தான் எல்லோரும் துணி தேய்க்கிறோம். பொதுச் சொத்து என்றால் தங்களுக்குத் தெரியாததா? எல்லோருடையது, அதனால் யாருடையதும் இல்லை. குழாய் ஒழுகினால் கந்தல் துணியைச் சுற்றிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம்.

3. என் கணவருக்கு அந்தப் பாய்லர் என்றால் பயம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அது கொஞ்சம் உறுமினாலும் கையிலிருக்கும் சட்டையோடு தெருவுக்கு வந்துவிடுவார். கடையிலும் வாசலோரம்தான் மேசை போட்டிருந்தார். சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் வாசலோர நாற்காலி. அதனால்தான் அவருக்கு 'வாசப்படி' என்று பெயர். பாய்லரைப் பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பயம் மட்டும் தெரியும்.

4. சிறு கடைகளின் பாய்லரையும் ஆண்டுக்கு ஒருமுறை அரசுச் சோதகர் வந்து பார்க்க வேண்டும் என்று தங்கள் துறை ஒரு வரைவு விதி கொண்டுவந்தது. சங்கத்தின் கருத்தைக் கேட்டுக் கடிதம் வந்தது. சங்கம் அதைப் பாதுகாப்புக் குழுவிடம் கொடுத்தது. இப்படித்தான் எல்லாம் நடக்கும்: மின்கட்டணம் என்றால் மின்சாரக் குழு, வரி என்றால் வரிக் குழு, இது பாதுகாப்புக் குழு. என் கணவர் அதில் உறுப்பினர். அந்தக் குழுவில் சேர யாரும் முன்வரவில்லை, பயந்தவனே இருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே சேர்த்தார்கள்.

5. சோதனை வந்தால் பாய்லரை அணைக்க வேண்டும், வேலை நிற்கும், வந்தவர் அதை மாற்று இதை மாற்று என்பார். இது மற்ற உறுப்பினர்களின் கவலை. தவறான கவலை என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்கும் கடை இருக்கிறது. ஆனால் என் கணவர் மட்டும் விதி வரட்டும் என்றார். "விவரம் தெரிஞ்சவன் ஒருத்தன் வந்து பாத்துட்டு, பயப்படாதய்யான்னு சொல்லிட்டுப் போனா நான் பாட்டுக்குத் தேய்ப்பேன்" என்பது அவர் கட்சி. "உன் ஒருத்தன் பயத்துக்கு அரசாங்கம் சட்டம் போடணுமாடா வாசப்படி? தெருவுல மேசையைப் போட்டுத் தேயேன்" என்று கேலி செய்தார்கள். வீட்டுக்கு வந்து அதையும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் சம்மதிக்கவில்லை.

6. குழுத் தலைவருக்கு எங்கள் சந்தில் 'ஒருமனது ஐயா' என்று பெயர். அவர் வாயைத் திறந்தால் வரும் முதல் சொல் அதுதான். நல்ல மனிதர். சந்தில் சாக்கடை மூடி போட்டதும், மின்சாரம் ஒழுங்காக வந்ததும் அவர் அலைந்த அலைச்சலில்தான். "நாலு பேர் நாலு விதமாப் பேசினா அதிகாரி காதுல ஏறாது. ஒரே குரலாப் போகணும்" என்பார். ஆகவே ஒருமனது ஆகாத கருத்தை அவர் அரசுக்கு அனுப்புவதில்லை. ஆகாவிட்டால் கூட்டத்தைத் தள்ளிவைப்பார். பிடிக்காதவர் களைத்துப்போய்ச் சரி என்று சொல்லும்வரை தள்ளிவைப்பார். என் கணவருக்காகப் பல கூட்டங்கள் தள்ளிப்போயின. அவர் எதையும் வீட்டில் முழுதாக முடித்தவர் இல்லை. அலமாரிக் கதவு இன்னும் ஒரு கீலில்தான் தொங்குகிறது. இதில் மட்டும் எங்கிருந்து அவ்வளவு பிடிவாதம் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

7. அப்படிக் கூட்டம் தள்ளிப்போயிருந்த நாளில்தான் பாய்லர் வெடித்தது. பட்டப்பகல். எங்கள் கடைதான் கொட்டகைக்கு மிக அருகில். பின்சுவரோரம் என் மகளின் மேசை, வாசலோரம் அவருடையது. அன்று கோட்டில் ஒரு பொத்தான் குறைகிறது என்று சண்டை போட ஒரு வாடிக்கையாளர் வந்தார். என் கணவருக்கு அந்த ஆளைக் கண்டாலும் பயம். "நீ போய்ப் பேசும்மா, உன் வாய்க்குத்தான் அடங்குவார்" என்று மகளை முன்னால் அனுப்பிவிட்டு, அவள் மேசையில் பாதி தேய்த்து நின்ற துணியைத் தான் எடுத்துக்கொண்டார். சுவர் அவர்மேல் விழுந்தது. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டுப் போனார் என்று ஊரார் சொல்கிறார்கள். அப்படியில்லை ஐயா. பயந்து போய் உள்ளே நின்றார். வாழ்நாள் முழுதும் வாசலோரம் நின்றவர், அந்த ஒரு தடவை உள்ளே நின்றார். தட்டச்சுக்காரர் விடச் சொன்ன இடம் இதுதான்.

8. இனி என் புகார். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழு உறுப்பினர் யாராவது இறந்தால், மரியாதைக்காக அவர் நாற்காலியை ஓராண்டு யாருக்கும் தருவதில்லை. வெள்ளைத் துணி போர்த்தி அப்படியே வைப்பார்கள். இன்னொரு விதியும் உண்டு. கூட்டத்துக்கு வராத உறுப்பினர் மறுப்பை எழுதித் தராவிட்டால், பெரும்பான்மையோடு ஒத்துக்கொண்டதாகக் கணக்கு. இந்த இரண்டும் தனித்தனியே இருந்தவரை யாருக்கும் கேடில்லை. என் கணவர் விஷயத்தில் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

9. அவருக்கு அஞ்சலிக் கூட்டம் என்று என்னை அழைத்தார்கள். பொத்தான் கடைக்கு மேலே உள்ள மாடி அறை. சுவர் முழுக்க, சங்கத் தலைவர்கள் அதிகாரிகளோடு கைகுலுக்கும் படங்கள். நீள மேசை, டக் டக் என்று தட்டும் மின்விசிறி, வாசலோரம் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலி. எழுந்து நின்று மௌனமாக இருந்தார்கள். எனக்குத் தேநீர் தந்தார்கள். பிறகு ஒருமனது ஐயா என் பக்கம் குனிந்து, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்: "தங்கச்சி, இன்னைக்கு அந்தப் பாய்லர் விஷயத்தையும் முடிச்சு அனுப்பறோம். அவர் நாற்காலியையும் சேர்த்து ஒருமனது. அவர் எங்களை விட்டு எங்கேயும் போகலை."

10. எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அண்ணே, அவர் விதி வரட்டும்னு தானே சொல்லிட்டிருந்தார்?" என்று கேட்டேன். வயதில் இளையவரான செயலாளர் பதில் சொன்னார்: "வாயால சொன்னாருக்கா. எழுதிக் குடுக்கலையே." எழுதித் தராத மறுப்பு செல்லாது என்றால், எழுதித் தராத சம்மதம் மட்டும் எப்படிச் செல்லும் என்று கேட்டேன். செயலாளர் அடுத்த தாளைப் புரட்டினார்.

11. உடனே நான் செய்ததையும் மறைக்காமல் தெரிவிக்கிறேன். எழுந்து போய், துணியை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் தொழில் அப்படி, எந்தத் துணியையும் மடிக்காமல் கையில் வைத்திருக்க வராது. "அய்யோ அக்கா, அது மரியாதைக்கு வச்சது" என்று செயலாளர் பதறினார். "உக்காரட்டும் விடுப்பா, துக்கம்" என்றார் இன்னொருவர். நான் துக்கத்தில் உட்காரவில்லை. விதி வேண்டும், சோதகர் வர வேண்டும், என் வீட்டுக்காரர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அவர்கள் சற்று நேரம் தங்களுக்குள் பேசினார்கள். நான் உறுப்பினர் இல்லை, ஆகவே நான் உட்கார்ந்திருந்தாலும் அந்த நாற்காலி காலிதான் என்று முடிவு செய்தார்கள். அதையும் ஒருமனதாகவே முடிவு செய்தார்கள்.

12. அடுத்த வாரம் தங்களைச் சந்திக்கத் தூதுக்குழு புறப்பட்டது. அவர்களுடைய சட்டைகள் எங்கள் கடையில்தான் தேய்க்கப்பட்டன. பாய்லர் இல்லாத அந்த நாட்களில், சந்தில் கரி இஸ்திரிப்பெட்டி இருந்தது எங்களிடம் மட்டும்தான். கழுத்துப்பட்டி மடங்காமல், கை மடிப்பு கத்திபோல் நிற்கும்படி என் மகள் தேய்த்துக் கொடுத்தாள். தங்கள் எதிரில் அவர்கள் கௌரவமாக உட்கார்ந்திருந்திருப்பார்கள். அந்தக் கௌரவத்தில் எங்கள் கையும் இருக்கிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

13. பிறகு சந்தில் தங்கள் துறையின் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பாதுகாப்புக் குழுவே ஒருமனதாகக் கேட்டுக்கொண்டதால் சிறு கடைகளுக்கு விலக்கு அளிக்க உத்தேசம், மாத முடிவில் இறுதி ஆணை என்று அதில் இருந்தது. மகள் படித்துச் சொன்னாள். தங்கள் அலுவலகத்துக்கு ஓடிவந்தேன். "தனி ஆள் கருத்தை வாங்க இங்க வழியில்லைம்மா, சங்கம் மூலமா வாங்க" என்றார் முகப்பில் இருந்தவர். சங்கத்துக்குப் போனேன். "உறுப்பினர் இடம் உங்க பேருக்கு மாறணும்னா பொதுக்குழு கூடணும்க்கா, அது அடுத்த வருஷம்" என்றார்கள். மறுபடி தங்கள் முகப்புக்கு வந்தேன். வேறு ஆள் இருந்தார். அதே பதில். ஐயா, என் கணவர் செத்துப்போயும் அவருக்கு ஒரு குரல் இருக்கிறது. உயிரோடு படியேறி இறங்குகிற எனக்கு இல்லை. இருக்கிற அந்தக் குரலும் அவருடையது அல்ல.

14. இதை நான் பழி தீர்க்க எழுதவில்லை. யார் மீதும் வழக்குப் போட எனக்குத் தெம்பும் இல்லை. அதே கொட்டகையில் இப்போது வேறொரு பழைய பாய்லர் வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கோ மூடிய கடையில் இருந்து வாங்கியது. புதிதாகக் கட்டிய சுவருக்கு இந்தப் பக்கம், அவர் நின்ற அதே இடத்தில், என் மகள் நின்று தேய்க்கிறாள். வாசலோரம் போ என்றால், அங்கே ஆவிக் குழாய் எட்டாது, வேலை ஆகாது என்கிறாள். அவளுக்கு அப்பாவின் பயம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒருமனது ஐயாவின் மருமகனும் அடுத்த கடையில் அதே சுவரில் சாய்ந்துதான் தேய்க்கிறார்.

15. ஆகவே தாங்கள் தயவுசெய்து, அந்தக் கருத்தில் இருந்து என் கணவரின் சம்மதத்தை நீக்க வேண்டும். உயிரோடு இருந்தவரை அவர் மறுத்தார் என்று அதே இடத்தில் எழுத வேண்டும். அவர் மறுப்பை எழுதிவிட்டால் அது ஒருமனது இல்லை. ஒருமனது இல்லாத கருத்தை அனுப்புவதில்லை என்பது சங்கமே வைத்துக்கொண்ட முறை. இறுதி ஆணை போடும் முன் ஒரு சோதகரை எங்கள் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும். பாய்லர் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் கேட்டதும் அதுதான். அதைச் சொல்லக் கடைசிவரை ஒருவரும் வரவில்லை.

16. இனிமேல் எந்தச் சங்கம் தங்களிடம் ஒருமனது என்று கொண்டுவந்தாலும், அதில் எத்தனை நாற்காலியில் ஆள் இருந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் சங்கம் அன்று வாசலோர நாற்காலி காலி என்று எழுதியிருக்கிறது. காலி இல்லை. நான் அதில் உட்கார்ந்திருந்தேன். துணி என் மடியில் இருந்தது. அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள். ஒவ்வொருவராகத் தனியே அழைத்துக் கேளுங்கள். கூட்டமாகக் கேட்காதீர்கள்.

விசாரணைக்கு அழைத்தால் எந்த நாளும் வருகிறேன். எனக்கு நாற்காலி போட வேண்டாம். வாசலோரம் நின்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

நாள்: 11.03.2019
இடம்: சலவைக்கடைச் சந்து

தங்கள் ஆணையை எதிர்பார்த்து நிற்கும்,
(கையொப்பம்)
வாசப்படியின் மனைவி