சிவப்பு நூல் கட்டிய சாவி

14 அக்டோபர் 2008, செவ்வாய்

கடையில் மூன்று சைக்கிள் பூட்டு, ஒரு பீரோ. போர்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டேன். ‘வேதமாணிக்கம் சாவிக் கடை. எந்தப் பூட்டும் இரண்டே நிமிடம்.’ மஞ்சளில் சிவப்பு எழுத்து. கல்மண்டபம் ரோட்டில் திரும்பும்போதே கண்ணில் படுகிறது.

வீட்டுக்காரி தேவகிருபை சாப்பாடு கொண்டுவந்தவள் நின்று பார்த்தாள். “அஞ்சு நிமிசம்னு போட்டிருக்கலாம்யா. நடுவுல டீ குடிக்கவாவது நேரம் கெடைக்கும்” என்றாள். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நான் தோற்ற பூட்டு ஒன்று உண்டா? அவளிடம் கேட்டேன். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தம்பி ரவிக்குமார் கல்யாணம் நவம்பர் 12. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. இவள்தான் அம்மா ஸ்தானம். தாலி, கூறைப்புடவை எல்லாம் நம் வீட்டு பீரோவில்தான் இருக்கப்போகிறது.

16 அக்டோபர், வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

திருவொற்றியூரில் புதிதாகக் கட்டிய ஃபிளாட், மூன்றாவது மாடி. ஐரீன் என்று ஒரு பெண், கணவர் கப்பலில் இன்ஜினியர். பால் வாங்க வெளியே வந்தாளாம், காற்றில் கதவு சாத்தித் தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே அடுப்பில் குக்கர். போனதும், “ரெண்டே நிமிஷம்மா” என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

கணவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பூட்டு. அந்த மாதிரி நான் பார்த்ததில்லை. கம்பி உள்ளே போகிறது, எதுவும் அசையவில்லை. நம்ம பூட்டில் கம்பி போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் விரலுக்குப் பேசும். இது ஊமை. குக்கர் விசில் அடித்தது. மாடி ஜனம் மொத்தமும் வந்து நின்றது. அடுத்த விசில். யாரோ பின்னால் எண்ண ஆரம்பித்தார்கள். கடைசியில் விசிலும் நின்று, பருப்பு தீயும் வாசனை வந்தது.

வெளிச்சுவரில் பலகையில் தொங்கிக்கொண்டு வெள்ளையடித்தவன் பால்கனி வழியாக இறங்கி, உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டான். கையில் பிரஷ் வேறு.

“பூட்டு ரிப்பேர்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய்.

19 அக்டோபர், ஞாயிறு

கோயிலில் ஆராதனை நடுவே காணிக்கைப் பையை நீட்டிய ஆள், “வேதண்ணே, எத்தினி விசில்?” என்று காதில் கேட்டான். ராயபுரம் முழுக்கப் பரவிவிட்டது. போர்டைக் கழற்றவா? கழற்ற மாட்டேன்.

22 அக்டோபர், புதன்

ஐரீன் கடைக்கே வந்தாள். சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். பையிலிருந்து அதே மாதிரி இன்னொரு பூட்டை எடுத்து வைத்தாள். பின்வாசலுக்கென்று கணவர் வாங்கியதாம், ஃபிளாட்டில் பின்வாசலே இல்லையாம். வெட்டாத சாவி இரண்டும் கொடுத்தாள்.

“அண்ணே, பூட்டை நீங்களே வெச்சுக்குங்க, பழகிக்குங்க. எனக்கு ஒரு புதுச் சாவி மட்டும் வெட்டிக் குடுங்க. பழைய சாவி ஒண்ணு எங்க அத்தைகிட்ட, அவரோட அம்மாகிட்ட இருக்கு. அது இனிமே சேரக் கூடாது.”

“அப்ப பூட்டைக் கழற்றி உள்ள மாத்தணும்மா. ரெண்டு நாள் வேலை” என்றேன்.

அவள் சிரித்தாள். சாவியைப் போட்டுக் கால்வாசி திருப்பினாள். சாவித் துளைக்குப் பக்கத்தில் ஊசி போகிற அளவு ஓர் ஓட்டை. அதில் ஒரு சின்னக் கம்பியைக் குத்தி எடுத்தாள். சாவியை உருவிவிட்டு, வேறு வெட்டுள்ள சாவியைச் செருகி நேராக்கினாள். அவ்வளவுதான். பூட்டு இனி அந்தச் சாவிக்குத்தான் திறக்கும், பழையது செல்லாது. எந்தச் சாவியை நுழைக்கிறோமோ அதையே தன் சாவியாக ஏற்றுக்கொள்கிறது. வெட்டு எப்படி இருந்தாலும் கவலையில்லை. வெட்கங்கெட்ட பூட்டு.

“தெரியும்மா. உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்” என்றேன்.

25 அக்டோபர், சனி

அந்தப் பூட்டை நம் வீட்டு வாசல் கதவிலேயே பொருத்திவிட்டேன். தினம் பழகலாம். தாலியும் நேற்று வந்துவிட்டது, காவலும் ஆச்சு.

தேவகிருபைக்குப் பிடிக்கவில்லை. “சாத்துனா தானா பூட்டிக்குற கதவு நமக்கு இன்னாத்துக்கு? எதிர்வூட்டு கெங்கம்மாக்கா கொழம்பு வாங்க வந்தாக்கூட தட்டிக்கினு நிக்கணுமா?” என்றாள். நம் தெருவில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை, அது வாஸ்தவம். மீன் விற்கிற கெங்கம்மா நேராக அடுப்படிக்கே வந்து நிற்பாள். அதனால்தான் பூட்டு வேண்டும் என்கிறேன்.

9 நவம்பர், ஞாயிறு

இரண்டு சாவியும் வெட்டி முடித்தேன். ஒன்று ஐரீனுக்கு, ஒன்று நமக்கு. சாயங்காலம் கரண்ட் போனது. இருட்டிலேயே நம் கதவுக்குப் புதுச் சாவியை ஏற்றிக் காட்டினேன். கால் திருப்பு, கம்பி, உருவு, செருகு. திறந்தது. ரவிக்குமார் கைதட்டினான்.

“ஒரே சாவியா? தொலஞ்சா?” என்று கேட்டாள் தேவகிருபை.

சாவிக்காரன் வீட்டில் சாவி தொலையுமா? கல்யாணம் முடியட்டும், பாரீஸ் கார்னரில் சொல்லி வெட்டாத சாவி வாங்கி இன்னும் நாலு வெட்டிக்கொள்ளலாம். இரண்டையும் ஆணியில் மாட்டினேன். வாடிக்கைக்காரர் சாவி என்று தெரிவதற்காக ஐரீனுடையதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.

10 நவம்பர், திங்கள்

காலையில் அவசரம். ஆணியில் சிவப்பு நூல் தொங்கியது, எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் போனேன். ஐரீன் தன் கையாலேயே கதவுக்கு அதை ஏற்றினாள். திறந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “இனிமே அத்தை பெல் அடிச்சுத்தான் வரணும்” என்றாள். மற்ற சாவியை என் கழுத்தில் சிலுவையோடு கோத்துக்கொண்டேன். அதிலும் கொஞ்சம் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீடு நிறைய உறவு. கதவுக்குக் குழவிக்கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்தே போட்டிருக்கிறார்கள். பூட்டுக்கு மரியாதை இல்லை.

12 நவம்பர், புதன்

கல்யாண நாள். இதை ஒழுங்காக எழுத வேண்டும். நாளைக்கு யாராவது வேறு மாதிரி சொன்னால் எனக்காவது உண்மை தெரிந்திருக்கட்டும்.

விடியற்காலையே ரவிக்குமாரும் உறவுக்காரர்களும் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் தாலி, கூறைப்புடவையோடு வேனில் போவதாக ஏற்பாடு. பத்து மணிக்குக் கோயிலில் தாலி கட்டு. தேவகிருபை நைட்டியோடு கெங்கம்மாவிடம் பூ வாங்க எதிர்வீட்டுக்குப் போனாள். வேன் வருகிறதா என்று பார்க்க நான் லுங்கியோடு வெளியே வந்தேன். வரும்போது காலால் குழவிக்கல்லை நகர்த்தினேன். ஏன் நகர்த்தினாய் என்று ஊரே கேட்டுவிட்டது. தாலி இருக்கிற வீட்டைத் திறந்து போட்டுவிட்டா வருவார்கள்? அதற்குத்தானே பூட்டு? கதவு அழகாகச் சாத்திக்கொண்டது.

கழுத்திலிருந்து சாவியை எடுத்துப் போட்டேன். திரும்பவில்லை. துடைத்துப் போட்டேன், எண்ணெய் விட்டேன், ஜெபம் பண்ணினேன். ம்ஹூம். ஜன்னலுக்கெல்லாம் கம்பி, பின்கட்டுக்கு வெளியிலிருந்து வழி கிடையாது.

“வெளையாடாதய்யா” என்றாள் தேவகிருபை. வாங்கி அவளும் போட்டுப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. “தாலி உள்ள கீது. என் தம்பி அங்க நின்னுகினு கீறான்.” அவ்வளவுதான் சொன்னாள்.

கடைக்கு ஓடி டிரில் எடுத்துவந்தேன். பூட்டுக்குள் என்ன இரும்போ, முனை இரண்டும் உடைந்தது. மூன்றாவது முனை போடும்போது கரண்ட் போனது. கதவையே உடைக்கிறேன் என்று கடப்பாரை எடுத்தேன். கெங்கம்மா குறுக்கே நின்றுவிட்டாள். “கல்யாணத்தன்னிக்கு வாசக்கதவ ஒடப்பாங்களாடா? வேதம், உனுக்கு புத்தி கீதா? ரெண்டே நிமிசம்னு போர்டு போட்டுக்கீறியே, தொற.”

அப்புறம் தெருவே வேலையை எடுத்துக்கொண்டது. அவரவர் வீட்டுச் சாவியைக் கொண்டுவந்தார்கள். “இத்த போட்டுப் பாரு, என் வூட்டு சாவி எல்லாத்துக்கும் சேரும்” என்று பக்கத்து வீட்டுப் பட்டம்மாள். சைக்கிள் சாவி, பீரோ சாவி, ஆட்டோ சாவி. வரிசையில் நின்று போட்டுப் பார்த்தார்கள். கெங்கம்மா பக்கத்தில் நின்று, “அட்த்தது” என்று கூப்பிட்டாள். மண்டபத்திலிருந்து போன் மேல் போன்.

ஒன்பதே முக்கால் இருக்கும். ஆட்டோவில் ஐரீன் வந்து இறங்கினாள். கடை மூடியிருந்ததால் வீடு விசாரித்து வந்தாளாம். கணவர் கப்பலிலிருந்து போன் போட்டுத் திட்டியிருக்கிறார், அத்தை மதியம் வருகிறார்கள், அவர்களுக்குக் கொடுக்க அவசரமாக இன்னொரு சாவி வேண்டும். நல்ல சேலை, கண்ணில் மை. பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். “அண்ணே, நீங்க குடுத்தீங்களே, இதே மாதிரி இன்னொண்ணு.”

நான் வாங்குவதற்குள் கெங்கம்மா பிடுங்கிவிட்டாள். அவளுக்கு இதுவும் வரிசையில் வந்த இன்னொரு சாவி. போட்டுத் திருப்பினாள்.

கதவு திறந்தது.

வரிசையில் அடுத்து நின்றிருந்தவர் தன் சாவியை மெதுவாகப் பையில் போட்டுக்கொண்டார்.

“நம்ம வூட்டு சாவி உன் பைல இன்னாத்துக்கு கீது?” என்று ஐரீனைக் கேட்டாள் தேவகிருபை.

“இது எங்க வீட்டுச் சாவிங்க” என்றாள் ஐரீன்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். “கிருபை, கேளு. இந்தச் சாவி நம்ம வீட்டுக்கும் சேரும், அவங்க வீட்டுக்கும் சேரும். வேணும்னா வா, அங்கேயும் போட்டுக் காட்டறேன்” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. பட்டம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கெங்கம்மா தலையில் அடித்துக்கொண்டு, “வாய மூட்றா டேய்” என்றாள்.

தேவகிருபை சாவியில் இருந்த சிவப்பு நூலைத் தொட்டுப் பார்த்தாள். “இது நான் கட்ன நூலு. ரவிக்க தெச்ச நூலு.” உள்ளே போய்ப் பத்தே நிமிஷத்தில் பட்டுப் புடவையோடு, தாலியோடு வந்து வேனில் ஏறினாள். நான் பின்னால் ஓடி ஏறினேன்.

நாங்கள் போய்ச் சேரும்வரை சபை ஐயர் கூடுதலாக இரண்டு பாட்டுப் பாட வைத்திருந்தார். தாலி கட்டியாயிற்று. போட்டோவில் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் இருக்கும்.

13 நவம்பர், வியாழன்

தேவகிருபை என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

16 நவம்பர், ஞாயிறு

இப்போதுதான் புரிகிறது. நம் சாவி தொலையக் கூடாதென்று ஒன்பதாம் தேதி ராத்திரியே இவளும் அதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள். என் டப்பாவில் இருக்கிற நூலும் இவளுடைய உருண்டையில் வெட்டியதுதான். ஆணியில் இரண்டு சிவப்பு நூல் தொங்கியிருக்கிறது. நான் ஒன்றைத்தான் பார்த்தேன். நம் சாவியை ஐரீனிடம் கொடுத்துவிட்டு, எதையும் திறக்காத சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இதை மூன்று தடவை சொன்னேன். கதவைப் பார்த்துக்கொண்டு கேட்கிறாள். நூலைத் தான்தான் கட்டினோம் என்பதால் கொஞ்சம் யோசிப்பதுபோல் தெரிந்தது. பிறகு, “அவ கண்ணுல மை” என்றாள். அதற்கு நான் என்ன செய்ய?

20 நவம்பர், வியாழன்

தேவகிருபை ஷேர் ஆட்டோ பிடித்துத் தனியாகத் திருவொற்றியூர் போயிருக்கிறாள். சண்டைக்கென்று நினைத்துக் கடையில் உட்கார முடியவில்லை. நாலு மணிக்குத் திரும்பினாள். கையில் தூக்குச் சட்டி, அதில் ஐரீன் கொடுத்த வட்டலாப்பம் என்ற இனிப்பு. எனக்குத் தரவில்லை. “அந்த பொண்ணு நல்ல பொண்ணுய்யா. மாமியார்தான் பேஜாரு” என்றாள். எட்டு நாளில் என்னிடம் பேசிய இரண்டாவது வார்த்தை.

21 நவம்பர், வெள்ளி

கல்யாணம் முடிந்ததும் வேறு சாவி இரண்டு வெட்டி, நம் கதவை அதற்கு மாற்றி, ஆளுக்கொன்று வைத்திருந்தோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் சாவி சேரவில்லை. அவளே கம்பி போட்டு மாற்றிவிட்டாள். ஐரீன் சொல்லிக் கொடுத்தாளாம். “நான் இருந்தா தட்டு. நான் இல்லன்னா கெங்கம்மாக்கா வூட்ல குந்து.” நம்பிக்கை வரும்போது சாவி வருமாம்.

27 நவம்பர், வியாழன்

புயல் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். தட்டினேன், அவள் பின்னால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள், காதில் விழவில்லை. இருபது வருஷமாக ஊர்க் கதவையெல்லாம் திறந்தவன் சொந்தக் கதவு முன்னால் நனைந்துகொண்டு நின்றேன். அழுகை வந்தது. மழையில் யாருக்கும் தெரியாது.

6 டிசம்பர், சனி

கடைக்கு ஒரு பெண் வந்தாள். அதே ஃபிளாட், இரண்டாவது மாடி. அங்கே நாலைந்து வீட்டில் இந்தப் பூட்டை வாங்கிவிட்டார்களாம்.

“சாவி மாத்தணுமாம்மா? ரெண்டே...” என்று ஆரம்பித்தேன்.

“நீங்க வேணாண்ணே. அக்கா இல்லையா?”

தேவகிருபை போனாள். மாமியார், நாத்தனார், வீட்டை விட்டுப் போன கணவன் என்று எல்லாக் கதையும் கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறாள். ஒன்றையும் என்னிடம் சொல்வதில்லை. தொழிலில் அது முக்கியமாம்.

15 டிசம்பர், திங்கள்

போர்டில் ‘இரண்டே நிமிடம்’ என்பதை அழித்துவிட்டேன். அந்த இடத்தில் ‘தேவகிருபை’ என்று எழுதச் சொன்னேன். பெயிண்டர், “யாருண்ணே அது, பார்ட்னரா?” என்றான். ஆமாம் என்றேன்.

24 டிசம்பர், புதன்

ஸ்டார் கட்ட பல்பு வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்தேன். வழக்கம்போல் தட்டினேன். பதில் இல்லை. எதிர்வீட்டிலிருந்து கெங்கம்மா மீன் கையோடு வந்தாள். “அது திருவொத்தியூரு போய்க்கீது, வர நேரமாவும். இந்தா, உன்கைல குட்க்க சொல்லிச்சி.”

ஒரு சாவி. சிவப்பு நூல் கட்டியிருந்தது.

கடையில் வெட்டியதில்லை, பார்த்ததும் தெரிந்தது. நான் இல்லாத நேரத்தில் அவளே என் அரத்தை எடுத்து ராவியிருக்கிறாள். பல் எல்லாம் கோணல், ஓரிடத்தில் ரொம்ப ஆழம், ஓரம் விரலைக் கிழிக்கிறது. இப்படி ஒரு சாவியை வாடிக்கைக்காரருக்குக் கொடுத்தால் முகத்தில் வீசுவார்கள். போட்டுத் திருப்பினேன். கதவு திறந்தது.

உள்ளே போய் பல்பைக் கீழே வைத்தேன். பிறகு ஓரத்தையாவது தேய்க்கலாம் என்று அரத்தை எடுத்தேன். வேண்டாம் என்று வைத்துவிட்டு, சாவியைக் கழுத்தில் சிலுவையோடு கோத்துக்கொண்டு, எழுந்துபோய்க் குழவிக்கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். கெங்கம்மா குழம்பு கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.