பனிக்குள் கேட்ட ‘இருக்கேன்’

என் உயிரான மச்சான் வேலாயுதத்துக்கு,

உன் தங்கச்சியைக் கட்டிய காளிமுத்து எழுதுகிறேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். யாரையும் உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவில்லை. இந்த மூன்று வரிக்குள்ளேயே ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஆறிப்போய்விட்டது. உன் தங்கச்சி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “எங்கண்ணனுக்கா எழுதுறீங்க? அவருக்கும்தான் படிக்கத் தெரியாதே!” என்று சிரிக்கிறாள். “அங்க போயாவது படிச்சிருப்பான்டி” என்றேன். படித்துவிட்டாயா மச்சான்?

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. எத்தனையோ சொல்ல இருக்கிறது. ஆனால் முதலில் உன் பேரன் கிஷோரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதே, நன்றாக இருக்கிறான். ஒன்பது வயது. உன் மகள் ஜெயந்தி அவனுக்குத் தலைசீவிவிட்டால் பள்ளிக்கூட வாசலுக்குப் போவதற்குள் கலைத்துவிடுவான். நல்லா இருக்கிறான் என்பதை மனதில் வைத்துக்கொண்டே மிச்சத்தைக் கேள்.

நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சாரணர் படை இருக்கிறது. பதினாலு பையன்கள். கழுத்தில் முக்கோணத் துணி கட்டி, ஆளுக்கொரு விசில் தொங்கவிட்டு வருவார்கள். நடத்துவது புவனா மிஸ். பதுளையில் படித்த பிள்ளை, பேச்சு மெதுவாக இருக்கும், சொன்னால் சொன்னதுதான்.

மிஸ் எதையும் அவசரமாகச் செய்ய மாட்டார். முதல் ஆறு மாதம் பையன்கள் பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டக் கூடாது. முடிச்சுப் போடப் பழக வேண்டும், விசில் ஊதப் பழக வேண்டும், வழி தவறினால் பக்கத்து மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் உட்காரப் பழக வேண்டும். அது தேறினால்தான் தேயிலைக்குள் ஒரு மணி நேர நடை. அதுவும் தேறினால் பத்தனை மேட்டுக்கு அரை நாள். அடுப்பு மூட்டுவதும் கத்தி பிடிப்பதும் அதற்குப் பிறகு. கடைசியில்தான் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி மலையில் தங்குவது. ஒவ்வொரு படிக்கும் சட்டையில் தைக்க ஒரு சின்னம் கொடுப்பார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “நம்ம புள்ளைங்க அஞ்சு வயசுலயே அடுப்பு மூட்டுதுங்க மிஸ். இதுக்கு ஒரு வருஷமா?” என்று கேட்டேன்.

“வீட்டுல அம்மா பக்கத்துல நிக்கிறாங்க ஐயா. இங்க பதினாலு பேருக்கு நாங்க மூணு பேருதான்” என்றார்.

அந்த மூன்றாவது ஆள் நான்தான் மச்சான். முன்னால் மிஸ் போவார், நடுவில் ஆறாம் வகுப்பு மாஸ்டர், கடைசியில் நான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டி இந்த மலையில் எனக்குத் தெரியாத வழுக்கல் உண்டா? ஆனால் மிஸ் சும்மா சேர்க்கவில்லை. “மலை உங்களுக்குத் தெரியும். ஆனா பின்னால வர்ற பெரியவருக்கு இந்தத் தாள் வாசிக்கத் தெரியணும். யாருக்கு இழுப்பு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காது, எல்லாம் இதுலதான் இருக்கு” என்றார்.

“எல்லாத்தையும் தலைக்குள்ள வச்சுக்குவேன் மிஸ்.”

“நீங்க வழுக்கி விழுந்துட்டா, தலைக்குள்ள இருக்கிறத யாரு ஐயா வாசிக்கிறது?”

அதனால்தான் இந்த வயதில் எழுத்துப் படிக்க உட்கார்ந்தேன். கொழுந்து பறிக்கப் போகிற அம்மாக்கள் விட்டுப்போகும் சின்னக் குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு பிள்ளைக்காம்பராவில், குழந்தைகளின் நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க, எட்டு மாதம். ஒரு நாள் பண்டாரவளை பஸ் நிலையத்தில் நிமிர்ந்து பார்த்தேன். பலகையில் ‘பூனாகலை’ என்று இருந்தது. கண்டக்டர் கத்துவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது மச்சான்! அன்றைக்கு முழுக்க கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். ‘மருந்துக் கடை’ வாசித்தேன். ‘இங்கே எச்சில் துப்பாதீர்’ வாசித்தேன். பக்கத்தில் நின்றவரிடம், “துப்பாதீங்கன்னு போட்டிருக்கு” என்று சொன்னேன். அவர் துப்பவே இல்லை, பாவம், முறைத்தார்.

அந்தச் சந்தோஷம்தான் நாலு மாதத்துக்கு முன்னால் என்னைத் தவறவைத்தது.

அரை நாள் நடைக்குப் பத்தனை மேட்டுக்குப் போனோம். பாறைக்குக் கீழே ஒரு தண்ணீர்க் கான் ஓடுமே, அங்கே நின்றோம். நிற்கிற இடத்திலெல்லாம் பெயர் கூப்பிட வேண்டும் என்பது மிஸ்ஸின் சட்டம். கூப்பிட்டதும் “இருக்கேன்” என்று குரல் வர வேண்டும். வராவிட்டால் அன்றைய சின்னம் கிடையாது. அன்று மிஸ் தாளை என் கையில் கொடுத்து, “இன்னைக்கு நீங்க வாசிங்க ஐயா” என்றார்.

பதினாலு பையன்களுக்கு முன்னால் முதல் தடவையாக வாசிக்கிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். எழுத்துக்குக் கீழே விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். “தாத்தா, ஸ்ரீகாந்தன் பேரு வர்றதுக்குள்ள இருட்டிரும்!” என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பனி கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது, நான் அதைக் கவனிக்கவில்லை. “கிஷோர்” என்று வாசித்தேன். “இருக்கேன்” என்று குரல் வந்தது. தாளில் கோடு போட்டேன். நிமிரவில்லை.

கால் மணி நேரம் ஏறியிருப்போம். மிஸ் திரும்பி நின்று விரல் நீட்டித் தலைகளை எண்ணினார். பதின்மூன்று. மறுபடி எண்ணினார். பதின்மூன்று.

“கிஷோர் எங்க?”

எல்லோரும் யதுஷனைப் பார்த்தார்கள். கிஷோரோடு ஒட்டிக்கொண்டே திரிகிறவன் அவன். தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “காட்டுக் கொய்யா பறிக்கப் போனான் மிஸ். இந்தா வந்துர்றேன்னான். பேரு விட்டுப்போனா அவனுக்குச் சின்னம் கிடைக்காதேன்னு... நான்தான் சொன்னேன்.”

உனக்குச் சிரிப்பு வரும் மச்சான், எனக்குத் தெரியும். இதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. அம்மா இடுப்பில் இருந்தபோதே பெரட்டுக் களத்தில் பார்த்திருப்பான். காலையில் அங்கே வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது நீ பிந்தினால் உன் பெயருக்கு நான் எத்தனை தரம் குரலை மாற்றிச் சொல்லியிருப்பேன்! ஜெயந்தி பிறந்த அன்று நீ ஆஸ்பத்திரி வாசலில் நின்றாய். கங்காணி “வேலாயுதம்” என்றார். நான் தொண்டையைக் கனக்கவைத்து “இருக்கேங்க” என்றேன். கங்காணிக்கும் தெரியும். தெரிந்துதான் அடுத்த பெயருக்குப் போனார்.

ஆனால் அன்று மலையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கம் சரிவு எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் இறங்கி ஓடப் பார்த்தேன். மிஸ் என் கையைப் பிடித்துவிட்டார்.

“நில்லுங்க ஐயா.”

“எம் மச்சான் பேரன் மிஸ்!”

“தெரியும். நீங்க தனியா இறங்கினா நான் ரெண்டு பேரத் தேடணும்.”

பையன்களை வட்டமாக உட்காரவைத்து, கயிற்றை எல்லோர் கையிலும் பிடிக்கக் கொடுத்து, மாஸ்டரைக் காவல் வைத்தார். பிறகு நாங்கள் இருவரும் வந்த வழியிலேயே இறங்கினோம். பத்தடி நடப்போம், மிஸ் விசிலை ஒரு தரம் ஊதுவார், நிற்போம், காது கொடுப்போம். மறுபடி பத்தடி. ஒரு ஊதலும் திரும்பி வரவில்லை. உன் முகம்தான் எதிரே வந்தது. நாளைக்கு ஜெயந்திக்கு என்ன சொல்வேன்?

கானை நெருங்கி ஒரு தரம் நின்றபோது கீழே இடது பக்கமாக மூன்று ஊதல் வந்தது. நின்றது. மறுபடி மூன்று. மைதானத்தில் பழகிய அதே கணக்கு.

ஒரு பைன் மரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கழுத்துத் துணியைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். இரண்டு காற்சட்டைப் பையிலும் கொய்யா. அவனைத் தாண்டி ஏழெட்டு அடியில் சரிவு தொடங்குகிறது. என்னைப் பார்த்த பிறகுதான் அழுதான்.

“தாத்தா, நீங்க எம் பேரக் கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சு” என்றான். “சத்தம் போட வாயத் தொறந்தேன். அதுக்குள்ள யாரோ இருக்கேன்னு சொல்லிட்டாங்க. இனிமே என்னைய யாரும் தேட மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

“அப்புறம் ஏன்டா விசில் ஊதுன?”

“மிஸ் ஊதச் சொல்லியிருக்காங்கல்ல.”

‘யாரும் தேட மாட்டாங்க’ என்ற அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சுக்குள் நிற்கிறது. பெரட்டில் உனக்காக நான் குரல் கொடுத்தது தப்பென்று இப்போதும் சொல்ல மாட்டேன். கங்காணி உன்னைத் தேடி வருகிறவர் இல்லை, திட்ட வருகிறவர். மலையில் பெயர் கூப்பிடுகிறவன்தான் தேடிப் போக வேண்டியவன். அவனிடமே, இல்லாத ஆளை இருக்கிறான் என்று சொன்னால் பிள்ளையின் கதி என்ன? யதுஷனை மட்டும் சொல்லி என்ன பயன்? எழுத்துத் தெரியாத காலத்தில் கவ்வாத்துக்குப் போகும்போது நான் முகத்தைப் பார்த்துத்தான் ஆள் எண்ணினேன். ஒருவனையும் விட்டதில்லை. அன்று எழுத்தைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். கூடாரம் அடிக்கும் யோசனையையே நிறுத்திவிடலாம் என்று பேச்சு. ஜெயந்தி எழுந்து, “எம் புள்ளைய இனி அனுப்ப மாட்டேன்” என்றாள். மிஸ், “பொறுப்பு என்னுது” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நடந்ததைச் சொன்னேன். தாளைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

“நீங்க பின்னாடி வர்றீங்கன்னு நம்பித்தானே மாமா அனுப்பினேன்” என்றாள் உன் மகள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

அப்போது யதுஷனின் அம்மா எழுந்தாள். “அவனத் திட்டாதீங்க. நான்தான் பழக்கிட்டேன் போல. ஏன் ஜெயந்தி, நேத்துக் காலையில பெரட்டுல நீ பிந்துனப்ப உம் பேருக்கு யாரு குரல் குடுத்தா?” வகுப்பறையே சிரித்தது. ஜெயந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியவில்லை.

மிஸ் யாரையும் நீக்கவில்லை. பதினாலு பேரையும் ஒரு படி கீழே இறக்கினார். மறுபடி தேயிலைக்குள் ஒரு மணி நேர நடை, மூன்று வாரம். அது தேறிய பிறகுதான் மறுபடி அரை நாள் நடை, அடுப்பு, கத்தி எல்லாம். பையன்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தார்கள். இப்போது குரல் செல்லாது. பெயர் கூப்பிட்டால் பையன் வந்து என் உள்ளங்கையில் கை வைக்க வேண்டும். யதுஷன் என் பக்கம் வரவே பயந்தான். கூப்பிட்டு உட்காரவைத்து, “கூட்டாளி இல்லன்னா, இல்லன்னு கத்துடா. அதுதான் நீ அவனுக்குச் செய்யிற உதவி” என்றேன்.

யோசித்துவிட்டு, “அப்ப பெரட்டுல தாத்தா?” என்றான்.

“பெரட்டு வேற, போடா.”

ஜெயந்தி மட்டும் கூடாரத்துக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போடாமல் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவைத்திருந்தாள். கிஷோர் தினமும் அந்தப் படத்தைப் பார்ப்பானாம், சாமியை அல்ல. நேற்று அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். “இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே வாசிங்க மாமா” என்றாள். சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள், என்னைவிட வேகமாக வாசிப்பாள். ஆனாலும் வாசித்தேன். ‘வரிசையின் கடைசியில் வரும் பொறுப்பாளர்’ என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

“எத்தன தரம் எண்ணுவீங்க?”

“நிக்கிற எடமெல்லாம்.”

“எப்புடி?”

“மொதல்ல மொகம். அப்புறம் கை. கடைசியாத்தான் தாளு.”

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். உன் பார்வை மச்சான், அப்படியே. பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, கதவில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். “அந்தக் கொய்யா மரத்துப் பக்கம் மட்டும் விட்டுராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வருகிற சனிக்கிழமை பத்தனை மேட்டில் கூடாரம். இந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூட மலரில் போடட்டுமா என்று மிஸ் கேட்டார். போடட்டும். நாலு பேர் படித்துவிட்டால் நான் வாக்கு மாற முடியாது.

ஆகவே எல்லோரும் அறியச் சொல்கிறேன். குரல் மட்டும் வந்து ஆள் வராவிட்டால் வரிசையை அங்கேயே நிறுத்துவேன். எவ்வளவு பனி வந்தாலும், எவ்வளவு நேரமானாலும், பதினாலு கையும் என் கையில் படாமல் ஓரடி நகர மாட்டேன். கொண்டுபோன பிள்ளையை அப்படியே கொண்டுவந்து ஜெயந்தியின் வாசலில் விடுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு மச்சான்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருஷன்,
உன் பேரனுக்குப் பின்னால் நடந்து வருகிற
காளிமுத்து