மருந்தில்லாமல் இறங்கிய குண்டு

இன்று பின்னேரம் லவாலில் என் வீட்டு பேஸ்மென்ற் தொட்டியில் உன் துவக்கைக் கழுவினேன். கொதிநீரைத் துவக்குக் குழாயின் வாய்க்குள் ஊற்றியதும் அந்த அழுகின முட்டை மணம் எழும்பியது. முன்பென்றால் நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, ஏதோ நான்தான் செய்த வேலை என்பதுபோல என்னைப் பார்ப்பாய். ஒவ்வொரு முறையும் அதே பழைய பகிடிதான். இன்று அதைச் செய்ய ஆளில்லை.

கறுப்பு வெடிமருந்தில் சுட்ட துவக்கை அன்றைக்கே கழுவ வேண்டும், விட்டால் துரு தின்றுவிடும் என்று எனக்குப் பாடம் எடுத்தவனே நீதான். உன்னுடையதோ போன ஐப்பசியிலிருந்து கழுவாமல் கிடந்தது. குழாயின் அடியில் ஒரு குண்டு இறுகிக் கிடக்க, எப்படிக் கழுவுவது?

உனக்குத்தான் முதலில் இந்தப் பைத்தியம் பிடித்தது. பேக்கரியில் இரண்டு பேரும் மாவோடு மாரடித்த காலம். ஒருநாள் நீளமான ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டினாய். இரும்புக் குழாய், விசை, பித்தளைத் துண்டுகள், அரைகுறையாகச் செதுக்கிய மேபிள் கட்டை, ஒரு பை நிறைய ஆணி. “இது எங்கட ஊர் இடியன் துவக்கு மச்சான். வாய்க்குள்ளாலை மருந்து போட்டு இடிக்கிற சாமான்,” என்றாய். நானும் அதேபோல ஒரு பெட்டி வாங்க, பியர்பொன்ட்ஸில் உன் கராஜில், சின்ன ஹீட்டர் ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, நீ ஒன்றும் நான் ஒன்றுமாகப் பொருத்தினோம். இரும்பு கட்டைக்குள் சரியாகப் பதியும்வரை, மெழுகுதிரிப் புகை பிடித்த இரும்பைக் கட்டையில் அழுத்தி, கறுத்த இடத்தை மட்டும் சுரண்டி, மறுபடி அழுத்தி, மறுபடி சுரண்டி. ஒரு மாரி முழுக்க அதே வேலை. உன் மனைவி வசந்தி தேத்தண்ணியோடு வந்து வாசலிலேயே நிற்பாள்.

“துவக்குக்குப் பயந்துதானே நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள்? இப்ப நீங்களே செய்து வீட்டுக்குள்ளை வைக்கிறியளோ?”

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இதாலை ஒருத்தரையும் அவசரப்பட்டுச் சுட ஏலாது. மருந்து போட்டு, சீலை வைச்சு, குண்டை இடிச்சு இறக்கிறதுக்குள்ளை கோவம் ஆறிப்போம்.”

அவள் தேத்தண்ணியை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அந்தப் பதில் பிடித்துத்தான் இருந்தது.

லவாலுக்கு வடக்கே சுடப் போகும் இடத்தில் நமக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் துவக்கை நிறைக்கும்போது மற்றவன் கேட்க வேண்டும்: “மருந்து போட்டாச்சோ?” “ஓம்” என்ற பதில் வந்த பிறகுதான் குண்டு இறங்கலாம். குண்டைச் சுற்றும் சீலைத் துண்டை நான் எண்ணெயில் தோய்த்து வைத்திருப்பேன். நீ வாயில் போட்டு மென்று எச்சிலில் ஈரமாக்குவாய். அருவருப்பாக இல்லையா என்றால், “என்ரை வாய், என்ரை துவக்கு,” என்பாய். உன்னுடையது நீலக் கோடு போட்ட நல்ல பருத்திச் சீலை. எங்கே எடுத்தாய் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

சுடப் போன அந்தக் கடைசி நாளில் உன் வாய் ஓயவேயில்லை. வசந்திக்கும் ஒரு பெட்டி எடுப்போம், பாரம் குறைந்ததாக, அவள் ஒருமுறை சுட்டுப் பார்த்தால் பிறகு பேசமாட்டாள் என்று சொல்லிச் சொல்லியே நிறைத்தாய். கதைத்த மும்முரத்தில் நான் கேட்கவும் மறந்தேன். நீ மருந்து போடவும் மறந்தாய். விசையைத் தட்டினாய். மருந்தைப் பற்றவைக்கும் கேப் மட்டும் டப் என்றது. நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன், இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். குண்டைத் துளைத்து இழுக்கும் திருகாணியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். மழையும் தூறத் தொடங்கிவிட்டது.

“பேந்து எடுப்பம் மச்சான். அது எங்கை ஓடப்போகுது?” என்றாய் நீ.

குண்டு எங்கேயும் ஓடவில்லை. அடுத்த கிழமை பேக்கரியில் மாவு மூட்டை ஒன்றை இறக்கி வைத்துவிட்டு அதிலேயே சாய்ந்தாய். அம்புலன்ஸ் வருவதற்கு முன்னமே முடிந்துவிட்டது என்றார்கள். கோபமாக வருகிறதடா. யாரோடு கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

மாரி முழுக்க வசந்தி கேட்டுக்கொண்டிருந்தாள். “உள்ளுக்குக் குண்டு கிடக்கெண்டு அவர் சொன்னவர். எடுத்திட்டு அதைக் கொண்டுபோங்கோ அண்ணை.” பனி, கார் பழுது, இடுப்புப் பிடிப்பு என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தேன். உண்மை வேறு. அது உள்ளே கிடக்கும்வரை நீ தொடங்கிய வேலை ஒன்று இன்னும் முடியவில்லை. அதையும் இழுத்து எடுத்தால் எனக்கு என்ன மிச்சம்?

ஆனால் வீடு விற்றாகிவிட்டது. நாளைக்கு லொறி வருகிறது, அவள் மகளோடு ரொறன்ரோவுக்குப் போகிறாள். இன்று காலை நான் போனபோது உன் கராஜில் பெட்டிகளைத் தவிர ஒன்றுமில்லை. குண்டு இடிக்கும் கோலின் நுனியில் திருகாணியைப் பூட்டி, ஈயக் குண்டுக்குள் இறக்கி இழுத்தேன். அசையவில்லை. இதுவரை துவக்கை வாசலில் நின்றே பார்த்தவள் உள்ளே வந்து, கட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். நான் இழுத்தேன், அவள் பிடித்தாள். சடாரென்று வந்தது.

குண்டில் ஒட்டிக்கொண்டு சீலையும் வந்தது. கறுத்துப் போயிருந்தாலும் நீலக் கோடு தெரிந்தது. வசந்தி அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“ஐயோ, இது என்ரை தலைகணி உறையெல்லோ! சோடியிலை ஒண்டைக் காணேல்லையெண்டு நேற்று முழுக்கத் தேடினனான். கள்ளன்!”

சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். அது உன் எச்சிலில் நனைந்த துண்டு என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன், பிறகு சொன்னேன். அவள் ஒரு பெட்டியின்மேல் அமர்ந்து, அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள். நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்தாள்.

“ஒண்டுமில்லை அண்ணை. மருந்து மணம்தான்.”

சீலையை அவள் வைத்துக்கொண்டாள். துவக்கையும் குண்டையும் எனக்குத் தந்தாள்.

கேத்தில் கேத்திலாக ஊற்றிப் பார்த்துவிட்டேன். முதலில் கறுப்பாக வந்த தண்ணீர் பிறகு துருச் சிவப்பாக வந்தது, சிவப்பாகவே வந்துகொண்டிருக்கிறது. இது இனிச் சுடாது. திருகாணித் துளை விழுந்த உன் குண்டு என் காற்சட்டைப் பையில் கிடக்கிறது. அளவுக்கு மேல் பாரமாக இருக்கிறது. என் துவக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தனியே போய் நின்று நிறைத்தால் பக்கத்தில் கேட்க யார்?

எப்படி இருக்கும் என்று பார்க்கத் தொட்டியடியில் நின்று நானே உரக்கக் கேட்டேன்: “மருந்து போட்டாச்சோ?”

மேலே குசினியிலிருந்து என் மகள், “க்வா, பப்பா?” என்று பிரெஞ்சில் என்னவென்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்றேன்.