வாசலில் காற்று வாங்கியவர்

தாத்தா,

இன்று காலை பேரனுடைய பையில் ஜிப் இறுகிக்கொண்டது. மருமகள் மெழுகுதிரித் துண்டு ஒன்றை எடுத்து அதன்மேல் தேய்த்தாள். அடுப்படியில் இருந்த எனக்கு அந்த வாசனை வந்ததும் கை நின்றுவிட்டது. தோணிப் பாய் தைக்கிற நூலை மெழுகில் இழுத்து இழுத்து உருவுவீர்களே, அந்த வாசனை. உங்களுடையது தேன்மெழுகு, இது கடை மெழுகு. ஆனாலும் நீங்கள் வந்துவிட்டீர்கள். வந்தவர் அத்தையையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்போது உலகச் சண்டைக் காலம். கப்பல்கள் கடலில் தூரத்தில் நிற்கும், சரக்கையெல்லாம் தோணிகள்தான் தூத்துக்குடிக் கரைக்குக் கொண்டுவரும். அந்தத் தோணிகளில் பாதிக்கு நீங்கள் தைத்த பாய். சரக்குக் கிட்டங்கித் தரை முழுக்கக் கித்தான் துணியை விரித்து, நடுவில் சம்மணமிட்டு, உள்ளங்கையில் கட்டிய தோல்பட்டையால் ஊசியைத் தள்ளுவீர்கள். பாய் பலகை மாதிரித் தட்டையாக இருக்கக் கூடாது, நடுவில் குழிந்து காற்றைப் பிடித்துவைக்க வேண்டும், அதற்கு வயிறு என்று பெயர் என்பீர்கள். “வயிறு இல்லாத பாய் பட்டினி கிடக்கும்ளா.”

அந்த வருஷம்தான் எனக்குப் புதுநன்மை. முதல்முதலாக நற்கருணை வாங்கப் போகிற பெண்பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் வேண்டும். சண்டையினால் கடைகளில் வெள்ளைத்துணி கண்ணில் காணக் கிடையாது. வெள்ளை இல்லாத பிள்ளைகள் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளட்டும் என்று கோயில் உபதேசியார் சொல்லிவிட்டார். அவர் மேலும் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதை இங்கே இழுக்கவில்லை. அப்பா கொழும்பில். அம்மா இருமிக்கொண்டு படுத்திருந்தாள். அவளுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். “ஒரு தடவ பாத்துட்டா போதும்ப்பா” என்று உங்களிடம் சொன்னாள்.

யாரிடமும் எதுவும் கேட்டறியாத மனிதர் நீங்கள். தோணி முதலாளியிடம் போய், பாய்க்கு வெட்டியதில் மிஞ்சிய புதுக் கித்தானைக் கேட்டு வாங்கி வந்தீர்கள். உவர்மண் போட்டு அவித்து, வெயிலில் காயப்போட்டு, மறுபடி அவித்து வெள்ளையாக்கினீர்கள். வெட்டியதும் நீங்கள், தைத்ததும் நீங்கள். தைத்து முடித்துத் தரையில் வைத்தால் உள்ளே ஆள் இல்லாமலே அந்தக் கவுன் நின்றது.

வீட்டுக்குள் போட்டுப் பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. அன்று காலை தெருவில் கால் வைத்தேன். கொண்டல் காற்று கடலிலிருந்து நேராக வந்து உள்ளே புகுந்தது. கவுன் முன்பக்கம் அப்படியே புடைத்து நின்றது. அப்பாவின் அக்கா, என் அத்தை, வாசற்படியில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“ஏளா, நீ நன்மை வாங்கப் போறியா, பிள்ளை பெறப் போறியா?”

தெரு சிரித்தது. உள்ளே அம்மாவைக் கோயிலுக்குத் தூக்கிப்போக நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் காதிலும் அது விழுந்தது.

நீங்கள் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தீர்கள். முகம் செத்துவிட்டது. “பாழாப்போன கை. வெட்டயில அதுபாட்டுக்கு வளைஞ்சிட்டு” என்றீர்கள். காலமெல்லாம் பாய் வெட்டிய கை, பேத்தியின் கவுனுக்கும் வயிறு வைத்துவிட்டது. பிரித்துத் தைத்தால் ஊசி போன ஓட்டையெல்லாம் வாயைப் பிளக்கும். கோயில் மணியும் அடித்துவிட்டது. நான் வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் அதட்டவில்லை, கெஞ்சவுமில்லை.

“கடல் பக்கமா நான் வாரேன். என்னை ஒட்டியே நட. காத்து உன்னைத் தொடாது.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து அகல விரித்துக்கொண்டீர்கள். வீடுகளை ஒட்டிப் போகும்போது காற்று அடங்கியிருக்கும். சந்து வருகிற இடத்தில்தான் பாய்ந்து வரும். ஒவ்வொரு சந்து முனையிலும் நீங்கள் ஒரு எட்டு முந்திப் போய் அதை அடைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் கடந்ததும் ஓடி வந்து சேர்ந்துகொண்டீர்கள்.

கோயிலில் எங்களை நிறுத்தி வைத்த இடம் பக்கவாசலுக்கு எதிரே. புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், நேரே கடல். என் வயிறு மறுபடி எழும்பத் தொடங்கியது. நீங்கள் குடும்பத்தோடு உள்ளே வந்து உட்காரவில்லை. அந்த வாசலில் ஏறி, நிலைக்கால் இரண்டிலும் கையை ஊன்றி, கடலுக்கு முதுகைக் கொடுத்து நின்றுவிட்டீர்கள். கவுன் தொங்கியது, மற்றப் பிள்ளைகளின் கவுன் மாதிரியே. அம்மா முன்வரிசையில் நாற்காலியில் இருந்தாள். நான் போய் நன்மை வாங்குகிற வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

வாங்கிவிட்டுத் திரும்பினேன். எனக்கு வர வேண்டிய காற்றெல்லாம் உங்கள் தொளதொளச் சட்டைக்குள் பின்னாலிருந்து புகுந்து, எலும்பும் தோலுமான உங்களுக்கு நிறைமாதக்காரியைப்போல ஒரு வயிறு. அம்மாவும் திரும்பிப் பார்த்துவிட்டாள். சேலை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அவள் சிரித்ததில் நாற்காலியே ஆடியது. இருமல் வந்தது, அப்போதும் சிரித்தாள். நான் பார்த்த அவளுடைய கடைசிச் சிரிப்பு அது. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

அத்தை மட்டும் விடவில்லை. கல்யாண வீடு, இழவு விழுந்த துட்டி வீடு எங்கே கண்டாலும் அவளுக்கு அதுதான் பேச்சு. “பேத்தி நன்மை வாங்கயில கிழவன் வாசல்ல நின்னு காத்து வாங்கிட்டு இருந்தாரு” என்பாள். நீங்கள் இருக்கும்போதே உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னாள். நீங்கள் நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தீர்கள். அவளுக்கு விளக்கம் சொல்ல நான் வாயெடுத்தபோது, வேண்டாம் என்று தலையசைத்தீர்கள். நீங்கள் போன பிறகும் நான் சொல்லவில்லை. அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பானேன்? ஒன்றும் தெரியாமலே செத்துப் போனாள். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் அவள் சொன்ன சொல் என்னிடம் தங்கிவிட்டது, தாத்தா. இப்போது துறைமுகச் சாலையில் சாயங்காலம் ஊரே கூடுகிறது. காற்று வாங்க வந்தோம் என்கிறார்கள். யாருக்காக என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வரும்.