தப்பிய சீந்தில்

அக்கா,

மழை விட்ட காலையில், மீன் கழுவிய தண்ணீரை ஊற்ற வேப்பமரத்தடிக்குப் போனேன். உச்சிக் கொம்பிலிருந்து நூல் போல ஒரு வேர் இறங்கி மண்ணைத் தொட்டிருந்தது. நீ வெட்டிப்போட்ட சீந்தில்தான். எட்டாத உயரத்தில் ஒரு துண்டு தப்பியதை நாம் இருவருமே கவனிக்கவில்லை. உன்னைப் போலவே பிடிவாதம் பிடித்த கொடி.

திரேஸ்புரத்தில் மழை என்றால் காய்ச்சல், காய்ச்சல் என்றால் உன் சீந்தில் கசாயம். தெருவே ஒரு சாண் கொடி கேட்டு வந்து நிற்கும். நம் வீட்டில் யாருக்கு ஊற்றினாலும், குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டும்வரை நீ நகரமாட்டாய். உன் சிறுநீரகம் ஒன்றை எனக்குப் பொருத்திய பிறகு வந்த முதல் மழையில் எனக்கும் ஊற்றினாய். டாக்டரைக் கேட்க வேண்டாமா என்று இழுத்தேன்.

"ஏளா, கிட்னியவே குடுத்தாச்சு, கசாயம் குடுக்கப்படாதா?" என்றாய். தினமும் குடித்தேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் தளர்ந்தால் கூடுகிற கிரியாட்டினின் ஏறியிருந்தது. பாளையங்கோட்டை டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டதில் கசாயம் வெளியே வந்தது. சீந்திலில் உள்ள பொருள்கள் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடக்கூடும் என்றார். என் உடம்புக்கு உன் சிறுநீரகம் வெளியாள். அதை எதிர்க்காமல் இருக்கத்தான் மாத்திரை கொடுத்து அந்தச் சக்தியை அடக்கி வைத்திருக்கிறோம், கசாயம் அதை எழுப்பிவிட்டது போல் இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, மருந்தைக் கூட்டித்தான் உன் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள்.

வீடு திரும்பியதும் சேலைகூட மாற்றாமல் அரிவாளை எடுத்தாய். ஊருக்கே உதவுகிற கொடி, இருக்கட்டும் என்று தடுத்தேன்.

"ரெண்டுல ஒண்ணுதான் பொழைக்கும்னா, ஒன் வயித்துல இருக்கது பொழைக்கட்டும்" என்றாய். ஆபரேஷனுக்குப் போகும்போதுகூடச் சிரித்தவள், அன்றைக்கு அழுதாய். அதன்பின் மற்றவர்கள் எதைக் குடித்தாலும் எனக்கு வெறும் வெந்நீர்தான். அதற்கும் தம்ளரைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும்.

போன வருசம் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் சிறுநீரகம் எனக்குள் ஒழுங்காக வேலை பார்க்கிறது.

இந்தக் கொடியை நான் வெட்டப்போவதில்லை. அடுத்த வீட்டுக்காரி இப்போதே ஒரு சாண் கேட்டு வைத்திருக்கிறாள். வளரட்டும் தருகிறேன், அதற்குள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வை என்றேன். நான் இப்படிச் சொன்னதைக் கேட்டிருந்தால் நீ சிரித்திருப்பாய்.

நீ வெளியாள் என்றே என் உடம்பு இன்னமும் நம்புகிறது, அக்கா. காலையும் மாலையும் மாத்திரை போட்டு அதைச் சமாதானப்படுத்திவிட்டு, உனக்காகத் தம்ளரைக் கவிழ்த்து வைக்கிறேன்.